ஏலக்காய் விலைப்படமும் அங்குலக் கணக்கும்

பைத்தான் மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நூலகத்தில் படத்தின் அளவு அங்குலத்தில்தான் கொடுக்கப்படுகிறது. 2003-இல் இதை வெளியிட்ட ஜான் ஹண்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்க்கத் தொடங்கிய வேலை இது. ஆய்விதழில் அச்சேறும் தரம் வேண்டும் என்று அவர் முதலிலிருந்தே விரும்பினார். அச்சுக்கு ஏற்ற அளவு அங்குலமே.

அகலத்தையும் உயரத்தையும் ஃபிக்சைஸ் சொல்கிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதை டிபிஐ சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் பிக்சல். பழைய பதிப்புகளில் தானாக வந்த அளவு 8-க்கு 6 அங்குலம், டிபிஐ 80. திரையில் 640-க்கு 480 பிக்சல் தெரியும். ஆனால் கோப்பாகச் சேமிக்கும்போது டிபிஐ 100 ஆகிவிடும். அதே படம் 800-க்கு 600 ஆக வெளிவரும். பலரைக் குழப்பிய இந்த முரண், 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில் தீர்ந்தது. அளவு 6.4-க்கு 4.8 அங்குலமாகவும் டிபிஐ 100 ஆகவும் மாறின. சேமிப்பும் அதையே பின்பற்றியது.

இந்த அளவு ஏன் முக்கியம் என்பதை ஏலக்காய் விலையை வைத்துப் பார்க்கலாம். போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் உள்ளன. ஏலக்காய் வரத்து, விற்பனை, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் ஏலவாரியாக வெளியாகின்றன. 2019 ஆகஸ்டில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டின் விலையைக் குறுகி உயர்ந்த படமாக வரைந்தால் ஏற்றம் செங்குத்தாகத் தெரியும். அகலமாக வரைந்தால் அதே எண்கள் சாதுவாக ஏறும். கோடுகளின் சாய்வு சராசரியாக 45 பாகையை ஒட்டி இருந்தால் ஏற்ற இறக்கத்தைக் கண் நன்றாக ஒப்பிடும் என்று வில்லியம் கிளீவ்லண்டும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் எழுதினர். அளவைத் தேர்வது அலங்கார வேலை இல்லை. படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார் என்பதையே அது தீர்மானிக்கிறது.

இந்தப் படம் ஏ4 தாளில் ஏற வேண்டும் என்று கொள்ளலாம். தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இருபுறமும் 2.5 ஓரம் போக மீதி 16, 2.54-ஆல் வகுத்தால் 6.3 அங்குலம். 300 டிபிஐயில் 1,890 பிக்சல். இதற்குப் பதில் 12.6 அங்குலத்தில் வரைந்து பாதியாகச் சுருக்கினால், 10 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆகி, தேதிகளே படிக்க முடியாமல் போகும். எழுத்தின் அளவு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கான பாயின்ட்டில் நிற்பதால், ஃபிக்சைஸைக் கூட்டினாலும் எழுத்து கூடவே வளராது. டிபிஐயைக் கூட்டினால் மட்டுமே எல்லாம் பிக்சல் கணக்கில் ஒரே விகிதத்தில் பெரிதாகும்.

சேமிக்கும்போது ஓரங்களை இறுக்கும் 'டைட்' தேர்வைக் கொடுத்தால், உள்ளிருப்பதற்கேற்பப் படத்தின் அளவே மாறும், 6.3 கேட்டவருக்கு 6.3 கிடைக்காது. அச்சுக்குப் போகும் படங்களுக்கு 2018-இல் 2.2 பதிப்பில் வந்த கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டே நல்லது. அது கேட்ட அளவைத் தொடாமல், உள்ளிருப்பவற்றை மட்டும் ஒழுங்குபடுத்துகிறது.