கேஸ் கீசர் குளியலறைக்குள் வேண்டாம்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் மூன்றாம் மாடி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பார்க்கிங் விவகாரத்துக்கு நடுவில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்த செயலாளருக்கு நன்றி.

போன மார்கழியில் என் வீட்டம்மா குளிக்கப் போய் இருபது நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தால் கீழே சரிந்து கிடந்தார். பால்கனிக்குத் தூக்கி வந்த பிறகுதான் கண் திறந்தார். லோ பிபி என்றுதான் நினைத்தோம். கார்பன் மோனாக்சைடு என்று மருத்துவர் சொன்னதும்தான் கீசர் ஞாபகம் வந்தது. கொசு வருகிறதென்று வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியவன் நான்தான்.

சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்காகவே வாசனை சேர்க்கிறார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்று போதாமல் எரியும்போது உண்டாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. கீசர் எரிப்பது ஓர் அடுப்பு பர்னரைப் போலப் பல மடங்கு. நம் குளியலறையோ ஐந்துக்கு ஏழு அடி.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். உள்ளே காற்று நுழைய வழி விடாமல் ஃபேன் மட்டும் ஓடிப் பயனில்லை. அது தள்ளுவதும் நம் பொது டக்டுக்குள்தான். மேல்வீட்டு வென்டிலேட்டர் திறப்பதும் அதே டக்டில். அதனால்தான் இதைச் சங்கத்தில் பேசுகிறேன்.

மகள் இருக்கும் கலிஃபோர்னியா பே ஏரியாவில் 2023 மார்ச்சில் ஒரு விதி போட்டார்கள். வீட்டு வாட்டர் ஹீட்டர் பழுதாகி மாற்றினால், 2027 முதல் நைட்ரஜன் ஆக்சைடு விடாததைத்தான் வாங்க வேண்டும் என்று. ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றச் சொல்லவில்லை. சமையல் அடுப்பையும் தொடவில்லை. அங்கே கவலை ஊர்க் காற்றைப் பற்றி. நமக்கு இன்னும் தாழ்ப்பாளுக்கு உள்ளே இருக்கும் காற்றே பிரச்சினை.

நான் கேட்பது இதுதான். டக்டைப் பார்த்த குளியலறைக்குள் கேஸ் கீசர் கூடாதென்று இன்றே தீர்மானம் போடுவோம். யுட்டிலிட்டி பால்கனிக்கு மாற்றிக் குழாய் இழுக்கலாம், அல்லது கரண்ட் கீசர். புதிதாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15558 எண்ணும் இருக்கிறதா பாருங்கள். மாற்றும்வரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் பிடியுங்கள். கீசரை அணைத்து, அறை காற்றாடிய பிறகு குளியுங்கள். வாடகைக்கு விட்டவர்கள் குடியிருப்பவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வருகிறார். பெயரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள்.