டூரிங் விருது வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரி

(ஐ.டி. விங் பயிற்சி முகாமில் நம் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, நண்பர்களுக்கும் பகிருங்க.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, கணினித் துறையின் பெரிய விருதுகள். இன்ஜினியரிங் முடிச்சவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர்ல டூரிங் மெஷின் 16 மார்க் கேள்வி. ஒரு டேப் வரைஞ்சு, கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு மார்க் வாங்கியிருப்போம். அந்த டூரிங் யாரு, அவர் பேர்ல கொடுக்கிற விருது யாருக்கெல்லாம் போச்சு என்பது சிலபஸ்ல கிடையாது. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

நோபல் பரிசில் கணினித் துறைக்குத் தனிப் பிரிவு இல்லை. அந்த இடத்தை நிரப்புவது டூரிங் விருது. ஏ.சி.எம். என்ற கணினியாளர் அமைப்பு 1966-லிருந்து ஆண்டுதோறும் வழங்குகிறது. இன்றைக்குப் பரிசுத் தொகை 10 லட்சம் டாலர்.

1994-ஆம் ஆண்டு விருதை எட்வர்ட் ஃபைகன்பாம் என்பவரோடு பகிர்ந்துகொண்டவர் ராஜ் ரெட்டி. இந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர். 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், காளஹஸ்தி பக்கத்துல காட்டூர் என்ற கிராமத்துல பிறந்தவர். அப்பா விவசாயி. அந்தக் குடும்பத்துல கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். நம்ம ஊர் பாஷையில சொன்னா, முதல் தலைமுறைப் பட்டதாரி.

அவர் எங்க படிச்சார் தெரியுமா? நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில! 1958-இல் பி.இ. முடிச்சார். அதுவும் சிவில் இன்ஜினியரிங். கம்ப்யூட்டர் சயின்ஸ்னு ஒரு பாடப்பிரிவே அப்ப அங்க கிடையாது. அதுக்கப்புறம் ஆஸ்திரேலியா, பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு. 1966-இல் டாக்டர் பட்டம்.

மனுஷன் பேசுறதை மெஷினுக்குப் புரிய வைக்கணும். இதுதான் அவர் எடுத்துக்கிட்ட வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசினா மெஷினுக்கு ஓரளவு சுலபம். நாம அப்படியா பேசுறோம்? ஒரு சொல் அடுத்த சொல்லோட ஒட்டிக்கிட்டுத்தான் வரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல அவருடைய குழு உருவாக்கிய ஹியர்சே, இந்தத் தொடர்ச்சியான பேச்சைப் புரிஞ்சுக்க முயன்ற முன்னோடி அமைப்பு. அதன் இரண்டாம் பதிப்புல ஒரு அழகான யோசனை உண்டு. ஒரு கரும்பலகையைச் சுத்தி நாலு வாத்தியார் நிக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. ஒருத்தருக்கு ஒலி தெரியும், ஒருத்தருக்குச் சொல் தெரியும், ஒருத்தருக்கு இலக்கணம், இன்னொருத்தருக்குப் பொருள். ஆளுக்கு ஆள் தனக்குத் தெரிஞ்சதைப் பலகையில எழுத எழுத, வாக்கியம் துலங்கி வரும். இன்னிக்கு நீங்க போன்ல பேசியே தமிழ்ல டைப் பண்றீங்களே, அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருத்தர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். விருது ஒரு பெயருக்குத்தான் போகுது. அந்தப் பெயர் மேடை வரைக்கும் வர எத்தனை வாசல் திறக்கணும்? 1937-இல் அந்த வட்டாரத்துல பிறந்த பிள்ளைகள்ல கெட்டிக்காரப் பிள்ளை அவர் ஒருத்தர் மட்டுமா இருந்திருப்பார்? அவருக்கு ஒரு அரசுக் கல்லூரியின் கதவு திறந்தது. எத்தனையோ பேருக்குத் திறக்கல.

திறமை மட்டும் போதும்னு நினைக்கிறவங்க ஆலன் டூரிங் கதையைப் படிக்கணும். 1936-இல், தன் 24 வயசுல, கணினியால எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாதுன்னு தாள்ல கணக்குப் போட்டுக் காட்டியவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைச்சதில் முக்கியப் பங்கு அவருக்கு. அதே நாடு 1952-இல் அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காக வழக்குப் போட்டுத் தண்டிச்சது. 1954-இல், 41 வயசுல இறந்துபோனார். அரச மன்னிப்பு வந்தது 2013-இல். 50 பவுண்டு நோட்டுல அவர் படம் வந்தது 2021-இல். மாலை போட ஆள் வந்தாங்க, ஆனா போட்டுக்க அவர் இல்ல.

அடுத்து பெண்கள். 1966-இல் தொடங்கிய விருது ஒரு பெண்ணின் கைக்கு வர 40 வருஷம் ஆச்சு. 2006-இல் ஃபிரான்சிஸ் ஆலன். நாம எழுதுற புரோகிராமை மெஷின் வேகமா ஓட்டுற மாதிரி மாத்தித் தருதே கம்பைலர், அதுல அடிப்படை வேலை செஞ்சவர். இவரும் விவசாயி மகள். கல்விக் கடனை அடைக்கலாம்னு 1957-இல் ஐ.பி.எம்.-இல் சேர்ந்தவர், 45 வருஷம் அங்கேயே இருந்துட்டார். அவருக்குப் பிறகு 2008-இல் பார்பரா லிஸ்கோவ், 2012-இல் ஷாஃபி கோல்ட்வாசர். 2024-ஆம் ஆண்டு விருது வரைக்கும் மொத்தமே மூணு பெண்கள்தான்.

நம்ம நாட்டுல இருந்துக்கிட்டே சாதிக்க முடியாதான்னு கேட்கலாம். முடியும். 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்பதான் பி.டெக். முடிச்ச நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற ரெண்டு இளைஞர்களும், ஒரு எண் பகா எண்ணா இல்லையான்னு வேகமாகவும் உறுதியாகவும் சொல்லும் வழியைக் கண்டுபிடிச்சாங்க. உலகமே தேடிக்கிட்டிருந்த விடை. 2006-இல் கோடல் பரிசு கிடைச்சது. அதுவும் மக்கள் வரிப்பணத்துல நடக்கிற நிறுவனம்தான்.

ராஜ் ரெட்டி இதை மறக்கல. 2008-இல் ஆந்திராவில் கிராமப்புறப் பிள்ளைகளுக்காக ராஜீவ் காந்தி அறிவுசார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் வேந்தரா இருந்தார். பத்தாம் வகுப்பு மார்க்கை வச்சு சேர்க்கை, ஆறு வருஷப் படிப்பு. தான் நுழைஞ்ச வாசலை அடுத்தவங்களுக்கும் திறந்து வச்சார்.

அதனால ஐ.டி. விங் தோழர்களுக்கு ரெண்டு வேண்டுகோள்.

ஒண்ணு: விருதுச் செய்தி வந்ததும் "நம்ம ஆளு"ன்னு கார்டு போடுறோம். போடுங்க. அதோட அவர் எந்தப் பள்ளியில, எந்தக் கல்லூரியில, யார் செலவுல படிச்சார்னு ஒரு வரி சேருங்க. பார்க்கிற பிள்ளைக்கு அந்த வரிதான் வழி காட்டும்.

ரெண்டு: இன்ஜினியரிங் கவுன்சிலிங் நேரத்துல முதல் பட்டதாரி சான்றிதழ் இல்லாம எத்தனை குடும்பம் அலையுதுன்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சான்றிதழ் இருந்தா கவுன்சிலிங்ல சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நம்ம கையில லேப்டாப் இருக்கு, விண்ணப்பிக்கவும் தெரியும். ப்ளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்க தெருவுல ஒரு வீட்டுக்குப் போங்க. பக்கத்துல உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்துட்டு வாங்க.



#டூரிங்விருது #ராஜ்ரெட்டி #முதல்தலைமுறைப்பட்டதாரி