பாதிக்கப்பட்டோர்க்கு உரிய உரிமைகள்

 

இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணியாற்றி வெள்ளி விழா காணும் இச்சங்கத்தின் மேடையில், குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் உரிமைகளைப் பற்றிப் பேச விழைகின்றேன். கற்றவர் ஒருவர் துணை நின்றால் பாதிக்கப்பட்ட குடும்பம் தன் உரிமையைப் பெறும். துணை இல்லையெனில் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

குற்றம் நிகழ்ந்தால் வழக்கை நடத்துவது அரசு. எதிரே நிற்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். அடிபட்டவரும் உறவினரை இழந்தவரும் நெடுங்காலமாக வெறும் சாட்சிகளாகவே எண்ணப்பட்டனர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டோர்க்குச் சட்டம் அன்று வழங்கியிருக்கவில்லை.

நம் மதுரை மாவட்டத்து மேலவளவை எவர் மறப்பார்? தனித்தொகுதியாக்கப்பட்ட அவ்வூராட்சிக்கு 1996இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் முருகேசன். தேர்தலை முன்னிட்டு எழுந்த பகையில் நம் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அவற்றிற்கு இழப்பீடு வேண்டி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குச் சென்று, 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் திரும்பும் வழியிலேயே, அவரும் உடனிருந்தோர் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாதிக்கப்பட்டோர்க்கு உரிய நிவாரணத்தைக் கேட்கச் சென்றவர்களே உயிரிழந்தார்கள் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழக்கு சேலத்தில் நடைபெற்றது. சாட்சிகள் மேலூர் வட்டத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து சாட்சியம் அளித்தனர். 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் தண்டிக்கப்படவில்லை. அத்தண்டனையை 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. பின்னர், 2019 நவம்பரில், பதின்மூவரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அதனை எதிர்த்து வழக்கறிஞர் பொ. இரத்தினம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களின் கருத்தைக் கேளாமல் இத்தகைய முடிவு எடுக்கப்படலாமா என்பதே அன்று நம் மக்கள் நெஞ்சில் எழுந்த வினா.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. குற்றத்தால் காயமுற்றோர்க்கு அரசே இழப்பீடு வழங்கும் சட்டத்தை நியூசிலாந்து 1963இல் இயற்றியது. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் சபையின் பொதுப்பேரவை, பாதிக்கப்பட்டோர்க்கான நீதி குறித்த சாற்றுரையை ஏற்றுக்கொண்டது. மதிப்புடன் நடத்தப்படுதல், குற்றம் செய்தவரிடமிருந்து ஈடு பெறுதல், அரசின் இழப்பீடு, மருத்துவம் முதலான உதவிகள் ஆகியவற்றை அது உலக நாடுகள் அனைத்திற்கும் நெறியாக வகுத்தது.

நம் நாட்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது; அதன் விதிகள் 1995இல் வந்தன. 2009 முதல், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்றாயிற்று. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவோ, பாதிக்கப்பட்டோர் உரிமைக்கென்றே அமைந்தது. பிணை, விடுதலை, தண்டனை ஆகியவை குறித்த நீதிமன்ற நடவடிக்கைகளில் தம் கருத்தைச் சொல்ல அவர்கள் உரிமை பெற்றனர். முன்னறிவிப்புத் தராமலும் அவர்களைக் கேளாமலும் பிணை வழங்குதல் தகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது.

இளைஞர்களே, இவற்றை நீங்கள் மனத்திற் கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் படி கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். கொலை நேர்ந்த குடும்பத்திற்கு 2016ஆம் ஆண்டு விதித்திருத்தம் ரூ. 8,25,000 நிவாரணமாக நிர்ணயித்தது. பிணக்கூறு ஆய்வு முடிந்ததும் அதில் பாதியும், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்றதும் மறுபாதியும் தரப்பட வேண்டும். பின்னர்த் தமிழ்நாடு அரசு தொகையை உயர்த்தியுள்ளது. ஓய்வூதியம் அல்லது வேலை, குழந்தைகளின் கல்விச் செலவு ஆகியவையும் அவ்விதியில் அடங்கும். சாட்சி சொல்லச் செல்வோர்க்குப் பயணப்படி உண்டு. வருமானம் எவ்வளவாயினும், நம் மக்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும்.

இவை எதுவும் தானாக வீடு தேடி வருவதில்லை. துயரில் மூழ்கிய தாய் மனு எழுத மாட்டாள். கூலி வேலைக்குச் செல்லும் தந்தை வழக்கு நாளைக் குறித்து வைக்க மாட்டார். சமூகப் பணியாளர், தொண்டு அமைப்பு, வழக்கறிஞர் ஆகியோரின் துணையைப் பெறும் உரிமையையும் அதே 15அ பிரிவு அவர்களுக்கு அளித்திருக்கிறது. ஆகவே நீங்கள் துணை நிற்பது தயவன்று. சட்டம் ஏற்றுக்கொண்ட செயல்.

நம் சங்கத்தில் பயின்றவர்களில் ஊருக்கு இருவரேனும் இப்பணிக்கு முன்வர வேண்டும். காவல் நிலையத்திற்கு உடன் செல்லுங்கள். ஒவ்வொரு தாளின் படியையும் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். ஆட்சியரிடம் தரும் மனுவிற்கு ஒப்புகை பெறுங்கள். பிணை மனு விசாரணைக்கு வரும் நாளைக் கேட்டறிந்து குடும்பத்திற்குச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் சாட்சியின் அருகே அமருங்கள். அச்சத்தால் சாட்சி பின்வாங்கினால் வழக்கு வீழும்; அருகில் நாம் இருந்தால் அச்சம் குறையும்.

மேலவளவில் வீழ்ந்தவர்கள் கேட்கச் சென்றது எரிந்த வீட்டிற்கான நிவாரணம். அத்தகைய மனுவோடு எவரும் இனித் தனியே செல்லலாகாது. அதுவே நாம் அவர்களுக்குச் செலுத்தும் மெய்யான அஞ்சலி.