பற்றுச்சீட்டும் ஒரு நிழற்படமே
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மூணாறு, மறையூர், சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களில் நம் இளைஞர் பலர் நிழற்படத் தொழிலால் வாழ்கின்றனர். தோட்ட லயத்தில் பிறந்து, அன்னையின் நகையை அடகு வைத்துக் காமிரா வாங்கியவர்களும் அவர்களுள் உளர். பிறர் இல்லத்து மங்கல நாளைப் பழுதின்றிப் பதிவு செய்யும் நாம், நம் வரவு செலவைப் பதிவு செய்யத் தவறுகிறோம். அது பற்றியே சில சொற்கள் கூற விழைகிறேன்.

2018ஆம் ஆண்டை நாம் மறத்தல் இயலுமோ? பன்னிரண்டாண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காண வருவோரை நம்பி, நானும் கடன்பட்டுக் கருவிகள் வாங்கினேன். ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது; சாலைகள் சரிந்தன. எனக்கு நட்டம், ஆனால் அதனை மெய்ப்பிக்கச் சான்றில்லை. கடைச்சீட்டுகளில் எழுத்து மங்கி வெற்றுத் தாளாயிற்று. ஜீப்பு வாடகைக்கோ சீட்டே வாங்கவில்லை.

உரிய நாளுக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர், தொழில் நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள் வரை தொழில் ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். நாள் தவறினால் அவ்வுரிமை இல்லை. நான் இழந்தது அதுவே.

“இதனினும் எளிய வழி உண்டே?” எனச் சிலர் கேட்கலாம். உண்டு. சிறு தொழில் புரிவோர் செலவுகளைத் தனித்தனியே காட்டாமல், வங்கி வழி வந்த வரவில் நூற்றுக்கு 6, ரொக்க வரவில் நூற்றுக்கு 8 வீதமேனும் ஆதாயமாகக் காட்டலாம். நல்ல ஆண்டில் இது நன்றே. ஆனால் வங்கி வழியே ஐந்து லட்சம் பெற்று ஆறு லட்சம் செலவிட்டவரும், அவ்வழியில் முப்பதாயிரம் ஈட்டியவராகவே கொள்ளப்படுவார்! அவ்வழியை மேற்கொண்டு ஐந்தாண்டுக்குள் விலகினால், பின்னர் ஐந்தாண்டு திரும்பவும் இயலாது. ஆதலின் எவ்வழி நமக்கு ஏற்றது என்று தெளியவும் கணக்கு வேண்டும்.

கணக்கு எழுதுவோர் மூன்றை மனத்திற் கொள்க. காமிராவின் முழு விலையும் வாங்கிய ஆண்டின் செலவாகாது. தேய்மானமாக நூற்றுக்கு 15 வீதம் கழியும். இலட்ச ரூபாய்க் காமிராவுக்கு முதலாண்டில் 15,000. மறு ஆண்டில் எஞ்சிய 85,000க்கு 12,750. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருப்பின் பாதியே. கணினிக்கு நூற்றுக்கு 40.

இரண்டாவது, ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அச்செலவு ஏற்கப்படாது. வங்கி வழியே கொடுங்கள்.

மூன்றாவது, தொழிற்செலவு வேறு, இல்லச் செலவு வேறு. பொள்ளாச்சியில் மணவிழாப் படமெடுக்கச் சென்ற செலவு தொழிலுக்குரியது; திரும்பும் வழியில் பழநியில் மொட்டையிட்ட செலவு நமக்கும் முருகனுக்கும் உரியது!

பணி முடிந்த அன்றிரவே சீட்டுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மணவீட்டார் பெயரும் நாளும் எழுதிய உறையில் அவற்றை இடுங்கள். சீட்டுத் தராத ஜீப்புக்காரரிடம், தொகையும் நாளும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நாளை வங்கியில் கடன் கேட்கும்போது, ஒழுங்காகத் தாக்கல் செய்த கணக்கே நமக்காகப் பேசும்.

2030இல் குறிஞ்சி மீண்டும் மலருமென எதிர்பார்க்கிறோம். மழை நம் கையில் இல்லை; கணக்கேடு நம் கையில் உண்டு.