குவாரண்டீன் பெட்டியை ஆர் திறக்கிறது?

(வெக்ஸ்போர்ட்டில் நடந்த எங்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத்தமிழைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்னை ‘டிஜிட்டல் பாதுகாப்பு’ பற்றிப் பேசச் சொன்னவை. நான் ஒரு பிழையைப் பற்றித்தான் பேசப்போறன். பிழை என்ரது.

போன மாரிக்கு எங்கட பொது மின்னஞ்சலுக்கு ஒரு அன்ரி மடல் போட்டவ. இந்த அறையில இருந்து லோறன்ஸ் அவெனியூ வழியா நடந்து போற தூரத்தில ஒரு பழைய வாடகைக் கட்டடத்தில இருந்தவ. அவவுக்கு என்-13 நோட்டீஸ் வந்திருந்தது. கட்டடத்தைத் திருத்தப்போறம், 120 நாளில எழும்புங்கோ எண்டு வீட்டுக்காரர் குடுக்கிற படிவம் அது. அதோட இன்னொரு கடுதாசியும் குடுத்திருக்கினம். பேரன் புதுசாத் திறந்து குடுத்த ஜிமெயிலில, தலைப்பு இல்லாமல், மூண்டு படத்தோட அன்ரி ஒரு வரி எழுதியிருந்தா: “பிள்ளையள், அவசரம், இதில கையெழுத்து வைக்கலாமோ?”

அந்த மடல் எங்கட இன்பொக்ஸுக்கு வரேல்லை. வடிகட்டி அதைப் பிடிச்சுக் குவாரண்டீனில போட்டுட்டுது. தடுத்து வைச்ச மடல்களின்ர பட்டியல் ஒவ்வொரு நாளும் எனக்கு வரும். நான் ஆய்வேட்டு அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தனான். வந்ததை எல்லாம் விரலால தள்ளி விட்டன். 23ஆம் நாள்தான் திறந்து பார்த்தனான்.

உடன ஃபோன் எடுத்தன். “பரவாயில்லை பிள்ளை, உங்களுக்கும் வேலை இருக்கும்தானே. நான் வைச்சுக் குடுத்திட்டன்” எண்டா. அவ வைச்சது என்-11இல. குடியிருப்பை முடிக்கச் சம்மதம் எண்ட ஒப்பந்தம் அது. அதை வைச்சு, விசாரணை இல்லாமலே வெளியேற்றக் கட்டளை எடுக்கலாம். என்-13க்குச் சும்மா எழும்பவும் தேவையில்லை. திருத்தி முடிய அதே வீட்டுக்குத் திரும்பி வருவன் எண்டு போக முதல் எழுத்தில குடுத்தா, அந்த உரிமை இருக்கு. இதைச் சொல்ல எங்களுக்கு ஐஞ்சு நிமிசம் போதும். அன்ரி இப்ப மகளோட ஏஜாக்ஸில இருக்கிறா.

வடிகட்டி ஏன் பிடிச்சது? புது முகவரி, தலைப்பு இல்லை, இணைப்பு கன, சொல்லு கொஞ்சம், அதுவும் ‘அவசரம்’. களவு மடலுக்கும் இதே அடையாளம்தான். தோழர்களே, நான் இதில படிச்சது இதுதான்: ஏமாத்திறவனும் அவசரமா எழுதுவான், பயந்துபோன ஆளும் அவசரமா எழுதும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. வங்கி அனுப்புற விளம்பரம் ஒழுங்கா உள்ள வரும். எங்களை உண்மையாத் தேவைப்படுற ஆள்தான் வெளியில நிக்கும்.

இன்னொண்டு. மைக்ரோசொஃப்ட் 365இல, நிர்வாகி தெரிவு செய்யிற மொழிகளில வாற மடலை ஸ்பாம் எண்டு குறிக்க ஒரு செட்டிங் இருக்கு. நாட்டை வைச்சும் அப்பிடிச் செய்யலாம். எங்கட மடல் அதால மாட்டுப்படேல்லை. ஆனா நீங்கள் வேலை செய்யிற இடங்களில அது எப்பிடி இருக்கு எண்டு கேட்டுப் பாருங்கோ.

அதுக்காக வடிகட்டியை நிப்பாட்டுவம் எண்டு நான் சொல்லேல்லை. மடலால ஒரு அலுவலகத்தை முடக்கலாம் எண்டதுக்குப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டுற பழைய உதாரணமே தமிழ் உதாரணம்தான். 1998இல இலங்கைத் தூதரகங்களுக்கு இரண்டு கிழமையா ஒரு நாளைக்கு 800 மடல் போனது. இண்டைக்கு எங்கட பெட்டிக்கும் பொய் ஈ-ட்ரான்ஸ்ஃபர் மடல் வருது. வடிகட்டி வேணும்.

ஆனா குவாரண்டீன் எண்டா என்ன? எங்கட ஆக்களுக்கு அது புதுச் சொல்லில்லை. ராமேஸ்வரத்துக்குக் கிட்ட மண்டபத்தில, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளரைத் தடுத்து வைச்ச முகாம் இருந்தது. பிறகு அதே மண்டபத்திலதான் ஈழத்து அகதிகளையும் வைச்சவை. அதைக் கருணை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா காலனிக்காரன்கூட ஒரு டொக்டரை வைச்சுப் பார்த்து, ஆளை விட்டவன். பார்க்க ஆளில்லாத குவாரண்டீன் ஒரு புதைகுழி. கூகிள் வேர்க்ஸ்பேஸில 30 நாளில தானா அழியும். மைக்ரோசொஃப்டில ஆகக்கூட 30 நாள். இன்னும் ஏழு நாள் போயிருந்தா, அன்ரி எழுதினதே எங்களுக்குத் தெரியவந்திருக்காது.

அதால இப்ப நாங்கள் இப்பிடிச் செய்யிறம்:

ஒண்டு, கிழமைக்கு இரண்டு தரம் பெட்டியைத் திறக்கிறது. இரண்டு பேர் முறை வைச்சு. அதில ஒராளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவேணும். கடும் சந்தேகம் எண்டு பிடிச்ச மடலைச் சில முறைகளில நிர்வாகி மட்டும்தான் விடலாம், அதால இரண்டு பேருக்கும் நிர்வாகி அனுமதி இருக்கு.

இரண்டு, முன்னோட்டத்தில மட்டும் வாசிக்கிறது. லிங்கையோ இணைப்பையோ தொடுறதில்லை. சந்தேகம் எண்டா அனுப்பின ஆளுக்கு ஃபோன், அதுவும் எங்களிட்ட முதலே இருக்கிற நம்பருக்கு. நம்பர் இல்லாட்டி, எங்களுக்கு எடுங்கோ எண்டு புது மடல் எழுதுறது.

மூண்டு, நல்ல மடல் எண்டா விடுவிச்சு, ‘இது ஸ்பாம் இல்லை’ எண்டு அறிவிக்கிறது. அந்த ஒரு முகவரியை மட்டும் அனுமதிக்கிறது. சோம்பலில முழு ஜிமெயிலையும் அனுமதிச்சா, கதவைக் கழட்டி வைச்ச மாதிரி.

நாலு, விடுவிச்ச அண்டைக்கே பதில். “பிந்திப் பார்த்தம், மன்னியுங்கோ” எண்டு முதல் வரி.

இது கவர்ச்சியான வேலையில்லை. ஊர்வலத்தில பனர் பிடிக்க ஆள் வரும், குப்பைப் பெட்டி கிளற வராது. ஆனா குடியிருப்பாளரை அமைப்பாக்கிறம் எண்டு சொல்லுற நாங்கள், எழுதின ஒரு ஆளுக்குப் பதில் போடாட்டி என்ன அமைப்பு?

இந்தக் கிழமை என்ர முறை. அடுத்த மாதத்துக்கு நாலு பேர் வேணும். போகமுதல் கதவடியில இருக்கிற தாளில பேர் எழுதிப்போட்டுப் போங்கோ.