கோதுமை நாட்டின் முதலமைச்சர்கள்

கனடா தேசத்தின் படத்தை விரித்து வைத்துப் பாருங்கள். மேற்குப் பாதியில் ஒரு மாகாணம் மட்டும் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தாற்போலக் காணப்படும். ஆறோ, மலையோ, கடலோ அதற்கு எல்லையாக அமையவில்லை. தெற்கே 49-ஆவது அட்சரேகை, வடக்கே 60-ஆவது அட்சரேகை. கிழக்கிலும் மேற்கிலும் நில அளவையாளர் வகுத்த கோடுகள். அதுவே சஸ்காச்சுவான் மாகாணம். விரைந்து ஓடும் ஆறு என்று பொருள்படும் கிரீ மக்களின் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பூகோள வகுப்பில் இப்பெயரைப் பிழையின்றி எழுதிய மாணவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இம்மாகாணத்தை ஆண்ட முதலமைச்சர்களைப்பற்றி இன்று சொல்லப் போகிறேன். 1905 முதல் இன்றுவரை அப்பதவியில் அமர்ந்தவர்கள் பதினைந்து பேர். எல்லாரையும் ஒரே அளவாகச் சொல்வது வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் ஆகிவிடும். அவர்களுள் என் தொழிலைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர்களாய் இருந்தவர்களில் இருவரைத் தேர்ந்துகொண்டேன். அவ்விருவரிடம் சற்று அதிகமாகத் தங்குவேன். ஆசிரியனுக்குரிய பலவீனம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீ, அசினிபாயின், டெனே முதலிய பழங்குடி மக்களும், மேட்டி என்னும் கலப்புக் குலத்தவரும் வாழ்ந்த மண் அது. தம் நிலவுரிமைக்காக மேட்டி மக்கள் 1885-இல் எழுந்த கிளர்ச்சி படோஷ் என்ற ஊரில் முறியடிக்கப்பட்டது. அவர்களுடைய தலைவர் லூயி ரியேல் அவ்வாண்டு நவம்பரில் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். பின்னாளில் மாகாணத்தின் தலைநகரானது அந்த ரெஜைனாவே. முதலமைச்சர்களின் வரலாற்றைத் தொடங்குமுன் இதனை நினைவிற்கொள்வது நலம்.

மாகாணமாக ஆகுமுன் அப்பெரும் பரப்பின் ஆட்சித் தலைவராக 1897 முதல் விளங்கியவர் ஹால்ட்டெயின். நிலத்தை இரண்டாகப் பிளக்காமல் ஒரே மாகாணமாக்க வேண்டும், அதற்குப் 'பஃபலோ', அதாவது காட்டெருமை என்று பெயரிடலாம் என்பது அவர் கருத்து. சிரிக்க வேண்டாம், அச்சமவெளியின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவ்விலங்கை நம்பியே உண்டும் உடுத்தும் வாழ்ந்தார்கள். ஆட்டவா நகரில் இருந்த மத்திய அரசாங்கம் இதற்கு இசையவில்லை. 1905 செப்டம்பர் 1-ஆம் நாள் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் என இரு மாகாணங்கள் பிறந்தன. அனுபவம் மிக்க ஹால்ட்டெயின் எதிர்க்கட்சி வரிசையில் அமர, லிபரல் கட்சியின் வால்டர் ஸ்காட் முதல் முதலமைச்சரானார். புகழ்பெற்ற நாவலாசிரியர் வேறு. இவர் ரெஜைனாவில் பத்திரிகை நடத்தியவர்.

ஸ்காட் பதினோராண்டுகள் ஆண்டார். சஸ்காட்டூன் நகரத்துப் பல்கலைக்கழகமும், ரெஜைனாவின் ஏரிக்கரையில் நிற்கும் பெரிய சட்டசபை மாளிகையும் அவர் காலத்தவை. 1916 மார்ச்சில் பெண்கள் வாக்குரிமை பெற்றதும் அவர் ஆட்சியிலேதான். கடும் மனச்சோர்வு நோயால் அவர் வருந்தினார். குளிர்காலம் வந்தால் மாகாணத்தைவிட்டு வெளியே சென்று தங்க வேண்டியிருந்தது. அந்நிலையிலும் இத்தனை செய்தார் என்பது வியப்பே. அதே 1916-இல் பதவியை விட்டு விலகினார். அவருக்குப்பின் வழக்கறிஞரான மார்ட்டின், விவசாயியான டன்னிங், கார்டினர் என மூவர் லிபரல் கட்சியிலிருந்தே வந்தனர். கார்டினர் பின்னாளில் மத்திய அரசில் இருபத்திரண்டு ஆண்டுகள் விவசாய அமைச்சராக இருந்தார்.

இனி முதலாவது ஆசிரியர். ஜே. டி. எம். ஆண்டர்சன் ஒன்டாரியோவிலிருந்து வந்து பள்ளி ஆசிரியராகவும், பின்னர்ப் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராகவும் பணியாற்றியவர். உக்ரேனியர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் எனப் பல மொழி பேசுவோர் குடியேறிய ஊர்களின் பள்ளிகளை நேரில் அறிந்தவர். புதிதாய் வந்தோரின் கல்வியைப்பற்றி 1918-இல் ஒரு நூலும் எழுதினார். அவருடைய உழைப்பை நான் குறைகூற மாட்டேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வார்ப்பில் ஊற்றி ஆங்கிலேயக் கனடியராக எடுத்துவிடலாம் என்று அவர் நம்பினார். 1927 முதல் 1929 வரை கு கிளக்ஸ் கிளான் என்னும் இனவெறிக் கூட்டம் அமெரிக்காவிலிருந்து சஸ்காச்சுவானுக்குள் புகுந்து, கத்தோலிக்கர்மீதும் அந்நியர்மீதும் வெறுப்பை மூட்டியது. அந்த நெருப்பில் ஆண்டர்சனின் கட்சி குளிர்காய்ந்தது. 1929-இல் லிபரல்களின் இருபத்துநான்கு ஆண்டு ஆட்சி கவிழ்ந்து, அவர் முதலமைச்சரானார்.

1930-இல் அரசாங்கப் பள்ளிகளில் சமயச் சின்னங்களும், ஆசிரியைகளாக இருந்த கன்னிமாரின் துறவுடையும் தடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் பிரெஞ்சு மொழியில் கற்பிக்கும் உரிமையும் போயிற்று. பொதுமொழியைக் கற்பிப்பது ஆசிரியன் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆறு வயதுக் குழந்தை தன் தாயின் மொழியைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்று சொல்பவர், வகுப்பறையில் பழகியவராயிருந்தும் குழந்தையின் முகத்தைப் பார்க்கத் தவறியவர் என்றே கருதுகிறேன்.

அவர் காலத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் பெரும் வறட்சியும் சேர்ந்து வந்தன. கோதுமை விலை அதலபாதாளத்துக்குச் சென்றது. உழுத மண் புழுதிப் புயலாய்ப் பறந்தது. கிழக்கு மாகாணங்கள் நிவாரணமாக உப்பிட்டு உலர்த்திய மீனை ரெயிலில் அனுப்பி வைத்தன. கருவாடு கண்டறியாத அந்தச் சமவெளி மக்கள் அதனை எப்படிச் சமைப்பது என்றறியாது திகைத்தார்களாம்! 1934 தேர்தலில் ஆண்டர்சனின் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவர் சஸ்காட்டூனில் செவிப்புலன் அற்ற பிள்ளைகளின் பள்ளிக்குத் தலைவராயிருந்து 1946-இல் மறைந்தார். கடைசியில் பள்ளிக்கே திரும்பினார் என்பது எனக்கு ஒருவகை ஆறுதல்.

கார்டினர் மீண்டும் சிறிது காலமும், அவர்பின் பாட்டர்சன் 1944 வரையும் ஆண்டனர். அவ்வாண்டுத் தேர்தலில் 52 தொகுதிகளில் 47-ஐ வென்று ஆட்சிக்கு வந்தது கூட்டுறவுப் பொதுநலக் கட்சி. வட அமெரிக்காவில் ஆட்சிக்கு வந்த முதல் சமதர்மக் கட்சி அதுவே. அதன் தலைவர் டாமி டக்ளஸ், ஸ்காட்லாந்தில் பிறந்து, வேபர்ன் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்தவர். சிறுவயதில் அவருடைய காலெலும்பில் நோய் கண்டது. சிறந்த வைத்தியரை நாடப் பெற்றோரிடம் பணமில்லை. காலை வெட்டிவிடுவதே வழி என்ற நிலை. மாணவர்களுக்குக் காட்டிக் கற்பிக்கலாம் என்று ஒரு நிபுணர் இலவசமாகச் சிகிச்சை செய்ய முன்வந்ததால் கால் பிழைத்தது. ஒரு பிள்ளையின் கால் இப்படித் தற்செயலை நம்பியிருக்கலாமா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

1947 ஜனவரி முதல் நாள் மாகாணத்தார் அனைவருக்கும் மருத்துவமனைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. மருத்துவரின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டத்தை டக்ளஸ் 1959-இல் அறிவித்து, அதனையே முன்வைத்து 1960 தேர்தலில் வென்றார். ஆனால் சட்டம் நிறைவேறும் தருணத்தில், 1961 நவம்பரில், புதிய தேசியக் கட்சியொன்றின் தலைமையை ஏற்று ஆட்டவா அரசியலுக்குப் புறப்பட்டுவிட்டார். புகழ் அவருடன் சென்றது. சுமை பின்னால் நின்றவர் தோளில் விழுந்தது.

அவர்தாம் நான் சொல்ல வந்த இரண்டாவது ஆசிரியர், உட்ரோ லாயிட். 1913-இல் அம்மாகாணத்திலேயே பிறந்தவர். வறட்சிக் காலத்தில் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தார். அந்நாட்களில் பல ஊர்களில் ஆசிரியருக்குச் சம்பளமாகக் கிடைத்தது கடன் சீட்டுதான். முப்பது வயதில் ஆசிரியர் சங்கத் தலைவராயிருந்து, 1944-இல் நேரே கல்வி அமைச்சரானார். ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பள்ளி வட்டாரங்களை இணைத்து, பெரிய வட்டாரங்களாக்கியது அவர் முதல் வேலை. தத்தம் ஊர்ப் பள்ளியை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? கூட்டம் கூட்டமாய் ஏச்சுக் கேட்டுத்தான் அதைச் செய்து முடித்தார். பேச்சில் டக்ளஸின் நகைச்சுவையும் கவர்ச்சியும் இவருக்கு இல்லை. பாடக்குறிப்பை ஆயத்தம் செய்துகொண்டு வரும் வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1962 மே 3-ஆம் நாள் ரெஜைனாவில் மருத்துவர்களின் மாநாட்டில் அவர் பேசினார். எதிரே நூற்றுக்கணக்கான மருத்துவர்கள். அவர் விளக்கம் முடிந்தபின், 'இத்திட்டத்தில் பணிபுரிய மறுப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்று மாநாட்டுத் தலைவர் கேட்க, ஏறக்குறைய மண்டபமே எழுந்து நின்றது. ஒரு வகுப்பு முழுதும் தன்னை எதிர்த்து எழுந்து நிற்கக் கண்ட ஆசிரியனுக்குத்தான் அந்த நொடியின் கனம் தெரியும்.

ஜூலை முதல் நாள் சட்டம் அமலுக்கு வந்தது. அன்றே பெரும்பாலான மருத்துவர்கள் தம் மருத்துவ நிலையங்களை மூடினர். சில மருத்துவமனைகளில் மட்டும் அவசர சிகிச்சை நடந்தது. அந்த முதல் நாளே, ஒன்பது மாதக் குழந்தையொன்று, பெற்றோர் மருத்துவரைத் தேடி ஊர் ஊராகக் காரில் அலைகையில் இறந்துபோயிற்று. அரசாங்கம் பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை விமானத்தில் வரவழைத்தது. எங்கள் டாக்டர்களை எங்களுக்குக் கொடுங்கள் என்று கிளர்ச்சிக் குழுக்கள் தோன்றின. எதிர்க்கட்சித் தலைவர் ராஸ் தாட்சர் சட்டசபையின் பூட்டிய கதவை உதைக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. ஜூலை 11-இல் சட்டசபை மாளிகை முன் கூடிய கூட்டத்துக்குப் பல பத்தாயிரம் பேர் வருவர் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர் சுமார் 5,000 பேரே.

மருத்துவர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல நான் துணியேன். அரசாங்க ஊழியராக்கப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. லாயிட் அதைப் புரிந்துகொண்டார். பிரிட்டிஷ் மருத்துவச் சேவையை அமைக்கத் துணைநின்றவரும், தாமே மருத்துவருமான டெய்லர் பிரபு சமாதானம் பேச வந்தார். இரு சாராரையும் ஒரே அறையில் அமர்த்த இயலாமல், அவரே இங்குமங்கும் நடந்து தூது சென்றார். ஜூலை 23-இல் சஸ்காட்டூனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திட்டத்துக்கு வெளியிலும் தொழில் நடத்தலாம், செய்த சேவைக்குச் சேவை கட்டணம் பெறலாம் என்ற உரிமைகள் மருத்துவர்களுக்குக் கிடைத்தன. எல்லாருக்கும் காப்பீடு என்ற மூலக்கொள்கையை மட்டும் லாயிட் விடவில்லை. இருபத்து மூன்று நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது.

1964 தேர்தலில் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினர். முதலமைச்சரான தாட்சர், கதவை உதைத்தவரே, திட்டத்தை நீக்கத் துணியவில்லை. 1968-இல் நோயாளிகளிடம் சிறு கட்டணம் வாங்கிப் பார்த்தார். அடுத்துவந்த பிளேக்னி 1971-இல் அதையும் எடுத்துவிட்டார். இதற்கிடையே, சஸ்காச்சுவானைச் சேர்ந்த நீதிபதி எம்மெட் ஹால் தலைமையில் அமைந்த குழு இத்திட்டத்தைத் தேசம் முழுதுக்கும் பரிந்துரைத்தது. 1966-இல் கனடா நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன. அதே 1972-இல், ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பணியில் தென்கொரியா சென்றிருந்த லாயிட், சியோல் நகரில் காலமானார். 2004-இல் கனடிய ஒலிபரப்புக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் தலைசிறந்த மனிதராக டக்ளஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். தகுதியான பெருமைதான். லாயிட்டின் பெயரை அம்மாகாணத்துக்கு வெளியே அறிந்தவர் குறைவு.

எஞ்சியோரை விரைந்து சொல்லிவிடுகிறேன். பிளேக்னி பொட்டாஷ் உரத் தொழிலில் மாகாண அரசைப் பங்காளியாக்கினார். 1982-இல் வந்த டெவைன் விட்டுச்சென்ற கடன் பெரிது. அக்கடனைச் சுமந்த ரோமனோ, டக்ளஸின் கட்சிக்காரராக இருந்தும், 1993-இல் 52 கிராம மருத்துவமனைகளை மூட நேர்ந்தது. பதவி விட்டபின் அவரே கனடாவின் மருத்துவச் சேவையை ஆராயும் குழுவுக்குத் தலைவராகி, 2002-இல் பொதுக் காப்பீட்டைக் காக்க வேண்டும் என்று அறிக்கை தந்தார். பின்னர் கால்வெர்ட், 2007-இல் பிராட் வால், 2018-இல் ஸ்காட் மோ, அவரே 2020, 2024 தேர்தல்களிலும் வென்றவர். பெண்களுக்கு 1916-இலேயே வாக்குரிமை தந்த மாகாணம் அது. பழங்குடியினர்க்கு அவ்வுரிமை முழுமையாகக் கிடைக்க 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. நான் எண்ணிக் காட்டிய பதினைந்து பேரில் பெண் ஒருவருமில்லை, பழங்குடியினர் ஒருவருமில்லை.