உருகிப் போன வீடு



கட்டடக் கலைஞர் என்றதும் நூறாண்டு நிற்கும் மாளிகைகளே நம் நினைவுக்கு வரும். ஆனால், தாம் செய்தது கரைந்து மறையட்டும் என்று துணிந்த ஒருவரும் உண்டு. அவர்தான் இத்தாலியரான ஜானி பெத்தேனா.

1940இல் போல்சானோ நகரில் பிறந்த அவர், புளோரன்ஸ் நகரில் கட்டடக் கலை பயின்று 1968இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே கோமோ நகரப் பேராலயத்தின் முன்புள்ள சதுக்கத்தில் கொடி கட்டித் துணிகளைக் காயப் போட்டார். பெருமைக்குரிய அந்தச் சதுக்கம் ஒரு வீட்டுக் கொல்லைப்புறமாக மாறியது!

1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தின்மீது கடுங்குளிரில் நீரைப் பாய்ச்சினார். கட்டடமே பனிக்கட்டிக்குள் உறைந்தது. 1972இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சாதாரண வீட்டின்மீது, மாணவர்களோடு சேர்ந்து கைகளாலேயே ஈரக் களிமண்ணைப் பூசினார்.

பனி உருகியது, மண் காய்ந்து வெடித்தது. வீண் வேலை அல்லவா என்று கேட்கலாம். இல்லை. மண்ணும் நீரும் தந்த பொருளால் எழுந்த கட்டடத்தை, அவர் சிறிது காலம் அவற்றிடமே திருப்பிக் கொடுத்தார். மனிதன் இயற்கையின் உரிமையாளன் அல்லன் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

1973இல் வெளிவந்த தம் நூலுக்கு 'லனார்க்கிதெத்தோ' என்று பெயரிட்டார். ஆட்சிக்கு அடங்காதவன், கட்டடக் கலைஞன் ஆகிய இரு சொற்களின் கலப்பு அது. பின்னர் புளோரன்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை வரலாறு கற்பித்தார்.

அந்தப் பனி வீடு இன்று இல்லை. படங்களும் அவர் எழுத்தும் நிற்கின்றன. அவர் எழுப்பிய கேள்வியும் நிற்கிறது.